சைதாப்பேட்டை ஸ்டேஷன் பழைய படம் யாரிடமாவது இருக்கா?

எல்லோருக்கும் வணக்கம். பீச்–தாம்பரம் தடத்தில் உள்ள சைதாப்பேட்டை ஸ்டேஷனின் பழைய கதையைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.

1931-ல் சவுத் இண்டியன் ரயில்வே இங்கே மின்சார ரயில் விட்டது, முதலில் 1,500 வோல்ட் டி.சி. (நேர் மின்னோட்டம்), 1967-ல் 25,000 வோல்ட் ஏ.சி. (மாறு மின்னோட்டம்), 2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்ரயிலுக்கு விடை. இதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். ஸ்டேஷன் எப்படி இருந்தது என்பதுதான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

இந்தப் பைத்தியம் பிடித்ததே தாத்தாவின் டிரங்குப் பெட்டியால்தான். அடியில் ஒரு கெட்டி அட்டை டிக்கெட், தீப்பெட்டி அகலம்கூட இல்லை. கவுன்டரில் 'டக்'கென்று அழுத்திக் கொடுப்பார்களே, அந்தத் தேதி ஓரத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது, கண்ணால் படிக்க முடியவில்லை! மையில்லாமல் பதிந்த தேதியைப் படிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அடுத்து, படங்கள். 2004-க்கு முன் பிளாட்பாரத்தில் எடுத்தது எதுவானாலும் சரி. நீங்கள் சித்தப்பாவையோ அக்காவையோ எடுத்திருப்பீர்கள். எனக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெரியும் தூணும் கூரையும் மஞ்சள் பலகையும் போதும். மீட்டர் கேஜ் வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள், பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அசல் வேண்டாம். மொபைலில் எடுத்து இங்கேயே போடுங்கள், தோராயமாக எந்த வருஷம் என்பதையும் சேர்த்து.