இடது, வலது: யார் வைத்த பெயர்?

களியக்காவிளைக்காரன்:
நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றோம். கேரள எல்லை தாண்டி வந்த பஸ்ஸில் இடதுமுன்னணி போஸ்டர். எட்டாம் வகுப்பு படிக்கிற மகன், "இடக்கைப் பழக்கம் உள்ளவங்க கட்சியாப்பா?" என்கிறான். சிரித்துவிட்டேன், ஆனால் பதில் தெரியவில்லை. நம்ம பழைய வலங்கை, இடங்கை சாதிப் பிரிவில் இருந்து வந்ததா?

தக்கலை வக்கீல்:
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அண்ணே. இது பிரான்சில் ஆட்கள் உட்கார்ந்த இடம், அவ்வளவுதான். 1789இல் வெர்சாய் நகரில் தேசிய சபை கூடி, சபை போடும் சட்டத்தை ராஜா தடுக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டபோது, ராஜா பக்கம் நின்றவர்கள் தலைவருக்கு வலப்புறம் சேர்ந்தார்கள், மற்றவர்கள் இடப்புறம். கோவீல் என்று ஒரு பிரபு (நாகர்கோவிலுக்கும் அவருக்கும் உறவில்லை) எழுதி வைத்திருக்கிறார்: எந்தப் பக்கமும் சேராமல் இடம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாராம், இடப்பக்கம் இருந்தால் தனியாளாக ஓட்டுப் போட்டு மேலே வேடிக்கை பார்க்கிற கூட்டத்திடம் கேலி வாங்க வேண்டியிருந்ததால் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டாராம். கடைசியில் செப்டம்பரில், ராஜா சட்டத்தைத் தள்ளிப்போடலாம், ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று முடிவானது.

பூதப்பாண்டி:
கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த ஊர்க்காரன் ஒன்று சொல்கிறேன், அன்றைக்கு இடப்பக்கம் இருந்தவர்களைக் கம்யூனிஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீல்கள் நிறைய. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் சொத்துரிமை புனிதமானது என்றே இருக்கிறது! மார்க்ஸ் பிறந்ததே 1818இல். தொழிலாளர் கட்சிகள் பிற்பாடுதான் அந்தப் பக்கத்தைப் பிடித்தன, முன்பு அங்கே இருந்த பலர் மெல்ல நடுவுக்கு நகர்ந்தார்கள்.

குலசேகரம் ரப்பர்:
மக்களவையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சபாநாயகருக்கு வலப்புறம் ஆளும் தரப்பு, இடப்புறம் எதிர்க்கட்சி. கொள்கை எதுவானாலும் ஜெயித்தவருக்கு வலப்பக்கம்.

களியக்காவிளைக்காரன்:
நன்றி. மகனிடம் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இடமும் வலமும் மாறிப்போகாதா என்று அடுத்த கேள்வி.

தக்கலை வக்கீல்:
மாறும்தான். தலைவர் நாற்காலியில் இருந்து பார்க்கிற கணக்கு அது. பையனை லா காலேஜில் சேருங்க.