மோவர் டெக்: புது பேரிங் போட்டும் நடு ஸ்பிண்டில் கொதிக்குது, உதவி!

மூணாம்கியர்:
பழைய கார்டன் டிராக்டரோட புல் வெட்டுற டெக் (பிளேடுங்க மாட்டியிருக்கிற அடிப்பகுதி). துரு சுரண்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் ஆச்சு. பேரிங்கும் புதுசு. ஓட்டினா 5 நிமிஷத்துல ஸ்பிண்டில்ல (பிளேடைச் சுத்துற தண்டு) கை வைக்க முடியல. பெல்ட் கருகுற வாடை வேற. என்ன பண்ணலாம்? அவசரம்.

கிரீஸ்கை:
எத்தனை பிளேடு? பேரிங் நம்பர்? ஒரு ஸ்பிண்டில் மட்டுமா, எல்லாமேவா?

பெல்ட்ராசா:
பெல்ட்தாங்க. நீளம் குறைஞ்சதை மாட்டியிருப்பீங்க. ஐட்லர் புல்லி (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சக்கரம்) சுத்துதான்னும் பாருங்க.

வரப்போரம்:
பேரிங்கை பிரஸ்ல இறக்கினீங்களா, சுத்தியலாலயா? ஹவுசிங் (பேரிங் உட்கார்ற கூடு) உள்ளயும் பெயின்ட் பட்டுச்சா?

மூணாம்கியர்:
3 பிளேடு, நடுவுல மட்டும்தான் சூடு. பேரிங் 6204 2ஆர்எஸ், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சது. பெல்ட் பழசேதான். சுத்தியல்தான்.

பழையஇரும்பு:
இதை முதல்லயே எழுதியிருக்கணும். ஹவுசிங்குல இறக்கும்போது வெளி வளையத்துலதான் தட்டணும், இது பாலபாடம். உள் வளையத்துல அடிச்சா குண்டு உட்கார்ற பள்ளத்துல தழும்பு விழும். இது தெரியாம டெக்கைக் கழட்டியிருக்கவே கூடாது.

கிரீஸ்கை:
தழும்பு விழுந்தா கரகரன்னு சத்தம் வரும், இவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. மூணாம்கியர், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிட்டு, பெல்ட்டை எடுத்துட்டு, பிளேடைக் கையால சுத்துங்க. அப்புறம் புல்லி நட்டை லூஸ் பண்ணி மறுபடி சுத்துங்க. லூஸ் பண்ணதும் ஈஸியா சுத்தினா, ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல வர்ற ஸ்பேசர் குழாய் இல்லை, இல்லேன்னா நீளம் பத்தல. அது இல்லாம நட்டை முறுக்கினா ரெண்டு உள் வளையமும் ஒண்ணை நோக்கி ஒண்ணு நெருங்கி, குண்டுகளைப் பக்கவாட்டுல நசுக்கும். லூஸ் பண்ணியும் இறுக்கமாவே இருந்தா வரப்போரம் சொன்னதுதான்: பெயின்ட் வெளி வளையத்தைப் பிடிக்குது. 47 மி.மீ. துளை, மெல்லிசா ஒரு கோட் ஏறினாலே போதும். சுரண்டி வெறும் உலோகமாக்குங்க.

வரப்போரம்:
ஹவுசிங்ல கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற முனை) இருந்தா, பேரிங்கோட உள்பக்க சீலை மட்டும் பிடுங்கிடுங்க. இல்லேன்னா அடிக்கிற கிரீஸ் குண்டுக்குப் போகவே போகாது.

பழையஇரும்பு:
தப்பு. 2ஆர்எஸ் உள்ள தேவையான கிரீஸ் ஏற்கெனவே இருக்கு. சீலைப் பிடுங்கினா ஹவுசிங்ல கிடக்கிற துருத்தூள் நேரா குண்டுக்குப் போகும்.

வரப்போரம்:
சுத்தம் பண்ணாத ஹவுசிங்னா சரி. டெக்கை வாட்டர் பிரஷர்ல கழுவுறவங்களுக்கு நிப்பிள் கிரீஸ்தான் தண்ணியை வெளியே தள்ளும்.

பழையஇரும்பு:
கிரீஸ் கன்னால அடிச்சுகிட்டே போனா வெளி சீல் பிதுங்கி வந்துடும். அப்புறம் புல்லும் மண்ணும் உள்ளதான்.

வரப்போரம்:
அதான் ரெண்டு பம்ப்போட நிறுத்தணும். யார் சீல் பிதுங்குற வரைக்கும் அடிக்கச் சொன்னா?

பெல்ட்ராசா:
ஐட்லரைப் பார்த்தீங்களா இல்லையா?

மூணாம்கியர்:
நட்டை லூஸ் பண்ணதும் ஈஸியா சுத்துச்சு. ஸ்பேசர் பழைய பேரிங்கோட ஒட்டிகிட்டு குப்பை டப்பாவுல கிடந்தது. போட்டாச்சு, இப்ப சூடு இல்லை. நன்றி.

கிரீஸ்கை:
அதே பேரிங்கையே திரும்பப் போட்டீங்களா? நசுங்கி ஓடினது, ரெண்டையும் மாத்திடுங்க. கொதிச்ச கிரீஸ் இனி நிக்காது. பெல்ட்டோட உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அதையும் மாத்தணும்.