விவாதம்: சொல்லெண்ணிக்கையும் வாசிப்பு மதிப்பெண்ணும் தமிழ் உரைநடைக்குப் பயன்படுமா?

பத்தியாளன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் அறிவியல் மாத இதழில் ஐந்து ஆண்டுகளாகப் பத்தி எழுதி வருகிறேன். அளவைப் பற்றி யாரும் கேட்காத வரையில் 1,100 சொற்கள், சில மாதங்களில் 1,300 சொற்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வாண்டு இதழின் பக்கங்கள் குறைந்துபோனதால் ஆசிரியர் 700 சொற்கள் என்று வரம்பு கட்டிவிட்டார். முதலிரண்டு மாதங்கள் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து 700 சொற்களுக்குச் சுருக்கிப் பார்த்தபோது, 'என்பது குறிப்பிடத்தக்கது' என்ற தொடர் அதில் ஆறு இடங்களில் இருந்ததையும், ஆறையும் நீக்கிய பின்னர் ஒரு வாக்கியத்துக்குக்கூடச் சேதம் நேராததையும் கண்டேன். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்பதை 'ஆய்ந்து வருகிறார்கள்' என்று மாற்றினால் ஒரு சொல் குறைவதோடு, ஆய்வதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியும் வாசகருக்குக் கிடைக்கிறது.

அதன்பின் எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எழுதி முடித்ததும் மொத்தச் சொற்களை வாக்கியங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறேன். முன்பு 19 ஆக இருந்த சராசரி இப்போது 11 அளவில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை ஒரு துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். நடையின் எளிமையை ஆராய்ந்த ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம், ஒரு வாக்கியத்துக்குச் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை ஒலியசைகள் என்ற இரண்டை மட்டும் கொண்டு நடையின் எளிமைக்கு மதிப்பெண் தருகிறது. 60 முதல் 70 வரை வந்தால் பொதுவாசகருக்கு ஏற்ற நடை என்று கொள்கிறார்கள். 1975-இல் அமெரிக்கக் கடற்படையின் கையேடுகளுக்காக அச்சூத்திரம் திருத்தியமைக்கப்பட்டது. அந்நாட்டின் சில மாநிலங்களில், காப்பீட்டுப் பத்திரங்கள் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் அரசாணைகளையும் வங்கிப் படிவங்களையும் படித்துத் தலைசுற்றியவர்கள், இப்படி ஓர் அளவுகோல் தமிழுக்கும் வேண்டும் என்பதை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கரும்பலகை எழுதியது:

நண்பர் பத்தியாளன் அவர்களின் கட்டுரை மேம்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. எது மேம்படுத்தியது என்பதில்தான் வேறுபடுகிறேன். 'குறிப்பிடத்தக்கது' பதர் என்று அறிந்தது உங்கள் கண். 700 என்ற எண் உங்களை மறுபடி படிக்க வைத்தது, அவ்வளவே. ஆசிரியர் 'மூன்று நாள் கழித்து உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்' என்று சொல்லியிருந்தாலும் இதே பயன் விளைந்திருக்கும்.

வாக்கியச் சராசரியை நான் சிறிதும் நம்புவதில்லை. கீழே இரண்டு வாக்கியங்களைத் தருகிறேன்.

"காலையில் எழுந்து, பல் துலக்கி, குளித்து, இட்லி தின்று, பையை எடுத்துக்கொண்டு, தெருமுனைக்கு ஓடி, ஏழரை மணிப் பேருந்தைப் பிடித்து, ஜன்னலோரத்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்."

"அமைச்சர் நேற்று ஆணையர் அனுப்பிய அறிக்கையைக் கண்டித்த உறுப்பினர் எழுப்பிய கேள்வியைத் தவிர்த்தார்."

முதலாவதில் 22 சொற்கள், இரண்டாவதில் 10. முதல் வாக்கியத்தை ஐந்தாம் வகுப்புக் குழந்தை மூச்சு விடாமல் படித்துப் பொருள் சொல்லிவிடும். இரண்டாவதைப் படித்தால் நேற்று நடந்தது எது, அனுப்பியதா, கண்டித்ததா, கேள்வி எழுப்பியதா, தவிர்த்ததா என்று பெரியவர்களே விழிக்க வேண்டியிருக்கிறது. வினையெச்சங்களைச் சரமாகக் கோத்துக்கொண்டு போவது தமிழின் இயல்பான நடை. நம் பாட்டிமார் கதை சொன்னதெல்லாம் அப்படித்தான். அதைப் பதினோரு சொற்களுக்கு ஒருமுறை முற்றுப்புள்ளி வைத்து வெட்டினால், அவர் எழுந்தார், அவர் குளித்தார், அவர் ஓடினார் என்று மொழிபெயர்ப்புப் பாடநூலின் நடைதான் மிஞ்சும்.

நிரலி எழுதியது:

நான் மென்பொருள் எழுதுபவன். இலக்கணத்தில் பெரிய தேர்ச்சி இல்லை. ஆனாலும் எண்ணுவதற்கு முன்பு எதை எண்ணுகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம். கணினி இடைவெளியைத்தான் எண்ணுகிறது, சொல்லை எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் சிக்கல் தெரிவதில்லை. தமிழில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

"மழை பெய்துகொண்டிருந்ததால் பள்ளிக்குப் போகமுடியவில்லை." இது 4 சொற்கள். இதையே "மழை பெய்து கொண்டு இருந்ததால் பள்ளிக்குப் போக முடியவில்லை" என்று பிரித்து எழுதினால் 7 சொற்கள். இரண்டையும் எழுதுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

நண்பர் குறிப்பிட்ட ஃபிளெஷ் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்தேன். 206.835 என்ற எண்ணிலிருந்து, வாக்கியச் சராசரியை 1.015-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும்; பிறகு சொல்லுக்கான ஒலியசைச் சராசரியை 84.6-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். (ஒலியசை என்று இங்கே சொல்வது யாப்பின் நேரசை, நிரையசையை அன்று, ஓர் உயிரொலிக்கு ஒன்று என்று கணக்கு.) சேர்த்து எழுதிய வாக்கியத்தில் 19 ஒலியசைகள், பிரித்து எழுதியதில் 20. கிடைத்த மதிப்பெண்கள்: முதலாவதற்கு −199, இரண்டாவதற்கு −42. முப்பதுக்குக் கீழே போனாலே மிகக் கடினம் என்று சொல்லும் அளவுகோலில், விடுப்புக் கடிதத்தில் சிறுவர்கள் எழுதும் வாக்கியம் −199 வாங்குகிறது. இடைவெளிப் பட்டையை மூன்று முறை தட்டினால் 157 மதிப்பெண் ஏறிவிடுகிறது.

எழுத்தெண்ணிக்கையும் இப்படித்தான். 'தமிழ்' என்பதில் மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகள். இணையப் படிவத்தில் '500 எழுத்துகளுக்கு மிகாமல்' என்று கேட்டால், எந்த எழுத்தை என்று கேட்கத் தோன்றுகிறது.

பத்தியாளன் எழுதியது:

நிரலி அவர்களின் கணக்கைக் கையால் போட்டுச் சரிபார்த்தேன், தவறில்லை. ஃபிளெஷ் சூத்திரத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அதிலிருந்து எண்ணுவதே வீண் என்ற முடிவுக்கு வர முடியாது. நான் என் கட்டுரையை இன்னொருவர் கட்டுரையோடு ஒப்பிடவில்லை. என் சென்ற மாதக் கட்டுரையோடு ஒப்பிடுகிறேன். நான் எப்போதும் 'பெய்துகொண்டிருந்தது' என்று சேர்த்தே எழுதுபவன். எழுதும் கை ஒன்று, சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கம் ஒன்று என்றால் 19-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு உண்மையான வேறுபாடுதானே? வீட்டுத் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினாலும், நாம் இளைக்கிறோமா பருக்கிறோமா என்பதை அதே தராசு சொல்லிவிடும்.

எண்ணுவது தமிழ் மரபுக்கு அந்நியம் என்ற தொனியும் கரும்பலகை அவர்களின் பதிவில் இருக்கிறது. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் அடிக்கு ஐந்து சீர் என்பதோடு நிற்காமல், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்று, ஒற்றெழுத்துகளை (புள்ளி வைத்த மெய்களை) நீக்கி எண்ணினார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி என்று அடியையே எழுத்தெண்ணி வகுக்கிறது. எதை எண்ணக் கூடாது என்பதற்கும் அங்கே விதி உண்டு. நிரலி அவர்கள் இன்று கேட்கும் கேள்வியைக் கேட்டு, விடையும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கரும்பலகை எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. பதினாறு எழுத்து என்ற கணக்கு, காதில் விழும் ஓசையைக் கணக்காக்கியது. எழுத்து சரியாக அமைந்த கலித்துறை எல்லாம் நல்ல கவிதை என்று எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லவில்லை. அளவு பிசகாமல், உயிரில்லாமல் கிடக்கும் பாடல்கள் ஏராளம். யாப்பில் எண் என்பது வாசற்படி. நீங்களோ உரைநடையில் அதை மதிப்பெண்ணாக்கப் பார்க்கிறீர்கள்.

தராசு உவமைக்கும் ஒரு பதில் உண்டு. நான் பணியாற்றும் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு '300 சொற்களுக்கு மிகாமல்' என்று விதி வைத்தோம். ஒரு மாணவி 340 சொற்கள் எழுதியிருந்தாள். ஒரு வரியும் நீக்காமல் 298-ஆக்கிக் கொண்டுவந்தாள். 'போய்க் கொண்டு இருந்த போது' என்பதெல்லாம் 'போய்க்கொண்டிருந்தபோது' ஆகியிருந்தது. இலக்கணப்படி அவள் செய்தது சரியே என்பதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பரிசும் அவளுக்கே போனது. எண்ணை இலக்காக வைத்தால் பிள்ளைகள் எண்ணைத்தான் சரிசெய்வார்கள்.

மெய்ப்பு எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்புத் திருத்துபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள். நானும் எண்ணுகிறேன். ஆனால் இங்கே இதுவரை பேசப்பட்ட எதையும் எண்ணுவதில்லை.

கரும்பலகை அம்மா தந்த அமைச்சர் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதை "ஆணையர் அனுப்பிய அறிக்கையைக் கண்டித்த உறுப்பினர் எழுப்பிய கேள்வியை அமைச்சர் நேற்றுத் தவிர்த்தார்" என்று மாற்றினால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. அதே 10 சொற்கள்தாம். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஆகையால் சொல்லெண்ணிக்கைக்கும் சராசரிக்கும் இங்கே மாற்றம் எதுவும் தெரியாது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் எத்தனை சொற்கள் கிடக்கின்றன என்று பாருங்கள். முதல் வடிவத்தில் 'அமைச்சர்' என்று தொடங்கி, எட்டுச் சொற்களைத் தாண்டித்தான் 'தவிர்த்தார்' வருகிறது. நடுவில் ஆணையரும் உறுப்பினரும் வேறு நுழைந்துவிடுகிறார்கள். திருத்திய வடிவத்தில் இடைப்பட்ட சொல் ஒன்றே ஒன்று. மெய்ப்புத் தாளில் பென்சிலால் நான் கோடிடுவது இந்த இடைவெளியைத்தான். அதற்குள் வேறொரு ஆள் தன் வினையோடு புகுந்திருந்தால் அந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். பேருந்தைப் பிடித்தவரின் வாக்கியம் 22 சொற்கள் நீண்டும் தெளிவாக இருப்பதற்குக் காரணம், எழுந்தவரும் குளித்தவரும் ஓடியவரும் ஒரே ஆள் என்பதுதான்.

இன்னொன்றும் எண்ணுவேன்: பக்கத்துக்கு எத்தனை 'மற்றும்' என்று. கணிதமும் அறிவியலும் என்று எழுத 'உம்' இருக்கும்போது, 'கணிதம் மற்றும் அறிவியல்' ஒரு பக்கத்தில் நான்கைந்து முறை வந்தால், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்து எழுதியது என்று எடுத்துக்கொண்டு மற்ற வாக்கியங்களையும் ஐயத்தோடு படிப்பேன். 'பட்டது', 'பட்டுள்ளது' என்பவற்றுக்கும் அதே மரியாதைதான்.

நிரலி எழுதியது:

மெய்ப்பு ஐயா சொல்வது எனக்குப் புதிய செய்தி. ஆனால் அதைக் கணினியிடம் ஒப்படைப்பது எளிதன்று. தமிழில் எழுவாய் பாதி நேரம் வாக்கியத்திலேயே இருப்பதில்லை. 'அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்' என்பதில் 'நான்' தோன்றா எழுவாய். 'மற்றும்' எத்தனை என்று தேடித் தருவது ஒரு நொடி வேலை. எழுவாய் எது, பயனிலை எது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் பிழையின்றிச் சொல்ல, நிரல் இலக்கணம் படித்திருக்க வேண்டும்.

சிலர் பெருமையாகக் காட்டும் 'சொல்வளம்' என்ற அளவையும் இங்கேயே முடித்துவிடலாம். மொத்தச் சொற்களில் வேறுபட்ட சொற்கள் எத்தனை என்ற விகிதம் அது. மரம், மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்பவற்றை வேர்ச்சொல் அறியாத நிரல் நான்கு வெவ்வேறு சொற்களாக எண்ணிவிடும். மரத்தைத் தவிர வேறெதையும் பேசாதவர்கூடச் சொல்வளம் மிக்கவராகத் தோன்றுவார். கட்டுரை நீள நீள அவ்விகிதம் தானாகவே சரிவதால், 300 சொல் கட்டுரையை 3,000 சொல் கட்டுரையோடு ஒப்பிடவும் முடியாது.

பத்தியாளன் எழுதியது:

நேற்றிரவு அடுத்த மாதப் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு மெய்ப்பு ஐயாவின் முறையில் கோடிட்டுப் பார்த்தேன். சராசரி 11 என்று நான் மகிழ்ந்திருந்த கட்டுரை இது. 'விஞ்ஞானிகள்' என்று தொடங்கிய ஒரு வாக்கியத்தில் 'கண்டறிந்தனர்' வருவதற்குள் 14 சொற்கள் இருந்தன. அவற்றுக்குள் ஒரு செயற்கைக்கோளும் அதை ஏவிய நிறுவனமும் தத்தம் வினைகளோடு புகுந்திருந்தன. அக்கம்பக்கத்தில் நாலைந்து சொல் வாக்கியங்கள் இருந்ததால் சராசரி இதை மறைத்துவிட்டது. 'மற்றும்' ஒன்பது. 'விஞ்ஞானிகளை'க் கடைசிக்கு நகர்த்தினேன். 'மற்றும்' இரண்டாகக் குறைந்தது.

இருந்தாலும் 700 என்ற வரம்பை நான் கைவிடப் போவதில்லை. அது இல்லாவிட்டால் பென்சிலைக் கையில் எடுத்திருக்கவே மாட்டேன்.

கரும்பலகை எழுதியது:

மகிழ்ச்சி. எண் உங்களைப் படிக்க வைத்தது என்று நான் முதலில் எழுதியதைத்தான் நீங்களும் இப்போது எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதை எதிர்வாதம் போல எழுதியிருக்கிறீர்கள். மெய்ப்பு ஐயாவின் கோடிடும் முறையைத் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் செய்துகாட்டப் போகிறேன். எத்தனை சொல் இடைவெளி வரை போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால் எண் மட்டும் சொல்ல மாட்டேன். 298 சொல் மாணவி அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.