மிங் பேரரசன் பாதியில் உறைந்து நிற்கிறான்

நண்பர்களே, 1936-ல் வந்த ஃபிளாஷ் கார்டன் என்ற விண்வெளி சாகசத் திரைத்தொடரின் டிவிடி, 13 அத்தியாயங்களும் ஒரே தட்டில். ஐந்தாவதில் 11-வது நிமிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. மோங்கோ கிரகத்தின் கொடுங்கோலன் மிங்காக சார்லஸ் மிடில்டன்: அந்த மொட்டைத் தலையும் தொங்கு மீசையும் கட்டம் கட்டமாகச் சிதறி, குரல் மட்டும் ஓடுகிறது. மூன்று வாரமாக இதே கதை.

மெல்லிய துணியால் உள்ளிருந்து வெளியே துடைத்தேன். வேறு பிளேயரில் போட்டேன். லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளும் அதே இடத்தில் நிற்கிறது, காப்பி செய்தால் 38 சதவீதத்தில் பிழை. தட்டின் அடியில் நகக்கீறல் போல ஒரே ஒரு கோடு. அப்பாவுக்கு மிங் என்றால் உயிர், முழுசாகக் காட்டியே ஆகவேண்டும்.

கீறல் விழுந்த பகுதியை மட்டும் தாண்டி மீதியைக் காப்பி எடுக்க எந்த மென்பொருள் உதவும்?