ஓப்பன் தோற்றால் பிழை எண் 25 வருகிறது, ஏன்?

ரப்பர்ஷீட்_பில்:
மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு சி-யில் ஒரு பில் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லினக்ஸ். ஒவ்வொரு எடைச்சீட்டும் தனித்தனி கோப்பு, அதற்கென்றே டிஸ்க்கில் தனியாகப் பிரித்த 1 ஜிபி பார்ட்டிஷன். இன்று காலையிலிருந்து புதுச் சீட்டு உருவாக மாட்டேன் என்கிறது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பு -1 (தோல்வி) தந்ததும் "கோப்பு திறக்கவில்லை" என்று லாக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் பிழை எண் இருக்கும் எர்நோவை அச்சிடுகிறேன். 25 வருகிறது. தேடிப் பார்த்தால் அது டெர்மினல் சம்பந்தப்பட்ட பிழையாம்! கடையில் ஆட்கள் ஷீட்டோடு நிற்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_நைட்ஷிப்ட்:
அந்த 25 ஓப்பன் சொன்னது இல்லை, நடுவில் வந்த லாக் வரி சொன்னது. அச்சிடும் நூலகம் சில சமயம் "எதிரே இருப்பது டெர்மினலா" என்று உள்ளுக்குள் கேட்டுப் பார்க்கும், சாதாரண கோப்பு என்றால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 25 என்று பதில் தரும். பழைய யூனிக்ஸில் இதற்கு "நாட் எ டைப்ரைட்டர்" என்றே செய்தி வரும். எர்நோ ஒரே ஒரு இடம்தான், அடுத்து தோற்கிற எந்த அழைப்பும் அதன்மேல் எழுதிவிடும், வெற்றி பெற்ற அழைப்பு அதைப் பூஜ்யமாக்கவும் செய்யாது. அதனால் -1 வந்த உடனே, வேறு எதையும் தொடாமல், ஒரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் லாக் எழுதுங்கள். விண்டோஸில் கடைசிப் பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரருக்கும் இதே கவனம் வேண்டும்.

ரப்பர்ஷீட்_பில்:
மாற்றினேன் அண்ணே, இப்போது 28. இடமில்லை என்று அர்த்தம். ஆனால் டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறதே!

குளச்சல்_சர்வர்:
டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யும்போதே ஐநோடுகளின் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவு) எண்ணிக்கை முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று, ஆக 1 ஜிபிக்கு 65,536. உங்கள் சீட்டு ஒவ்வொன்றும் ஒரு 4 கேபி பிளாக்தான் பிடிக்கும், ஆனால் ஒரு முழு ஐநோடைத் தின்றுவிடும். அதனால் கால்வாசி இடம் நிறையும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். இரண்டு பற்றாக்குறைக்கும் கர்னல் தருவது அதே 28தான், பிரித்துச் சொல்லாது. பழைய சீட்டுகளை மாதவாரியாக ஒரே டார் கோப்பாகக் கட்டிவிட்டு அழியுங்கள். அந்த டாருக்கே ஒரு ஐநோடு வேண்டும், அதனால் வேறு பார்ட்டிஷனில் கட்டுங்கள்.

ரப்பர்ஷீட்_பில்:
ஐநோடு 100% காட்டுகிறது, அதேதான். போன வருடச் சீட்டுகளை எடுத்ததும் பில் போக ஆரம்பித்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும்.

தக்கலை_நைட்ஷிப்ட்:
கையோடு, கோப்பில் எழுதும் ரைட் அழைப்பையும் பாருங்கள் தம்பி. ரைட் சரி என்றால் தரவு கர்னலின் நினைவகத்துக்குப் போனது என்றுதான் அர்த்தம், டிஸ்க்குக்குப் போனது என்று இல்லை. நம்மூர் மழையில் கரண்ட் போனால் அந்தச் சீட்டு போய்விடும். டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் கூப்பிட்டு, அது தரும் விடையையும் கோப்பை மூடும் குளோஸ் தரும் விடையையும் பாருங்கள். எஃப்சிங்க் தோற்றால் திரும்பக் கூப்பிட்டு "சரி" வாங்கி நம்பிவிடாதீர்கள், டிஸ்க்கில் எழுதப்படாத நினைவகப் பக்கங்களை லினக்ஸ் சுத்தம் (எழுதியாயிற்று) என்று குறித்திருக்கலாம். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆட்கள் இதைத்தான் பெரிய பிரச்சினையாக எழுப்பினார்கள். அந்தச் சீட்டை முதலிலிருந்து வேறு கோப்பில் எழுதுங்கள்.