அகஸ்டஸ் காசின் பின்பக்கம்

ரோமானிய வெள்ளிக் காசைக் கையில் எடுத்தால் எல்லோரும் பேரரசரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எனக்குப் பின்பக்கம்தான் உயிர். சாமி, சடங்கு, பூசைச் சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் பேரரசர் அகஸ்டஸின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். நான்கு கிராம்கூட இல்லை. முகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. திருப்பினால், அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள் கையஸும் லூசியஸும் டோகா உடுத்தி நிற்கிறார்கள். இடையில் கேடயங்கள், ஈட்டிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் மேலே இரண்டு சின்ன உருவங்கள் தெரிந்தன. ஒன்று நீண்ட காம்புள்ள அகப்பை, பலியின்போது மது வார்ப்பதற்கு. இன்னொன்று நுனி சுருண்ட கோல். பறவைச் சகுனம் பார்ப்பவர் வானத்தில் எல்லை வகுக்க அதைப் பிடித்திருப்பார். அகப்பை கையஸுக்கு, அவன் பொந்திஃபெக்ஸ் என்னும் குருமார் குழுவில் இருந்தான். கோல் லூசியஸுக்கு, அவன் சகுனம் பார்க்கும் ஆகுர். இன்றைய பிரான்சின் லியோனில் இந்தக் காசை அடிக்க ஆரம்பித்த கி.மு. 2-இல் இருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. கி.பி. 2-இல் தம்பி லூசியஸ் இறந்துபோனான், 4-இல் அண்ணன் கையஸ். இது தெரிந்தபின் அந்தக் காசைச் சட்டென்று கீழே வைக்க மனம் வரவில்லை.

கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைப்பது இந்த வகையும் அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் திபேரியஸின் காசும்தான். திபேரியஸ் காசில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் அரசரே தலைமைக் குரு என்ற பட்டம். அவள் அமைதித் தெய்வமா, அரசரின் தாய் லிவியாவா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

அப்புறம் பேரரசர் எலகாபாலஸ் (ஆட்சி கி.பி. 218-222). இவருடைய தினாரியஸ் ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சிரியாவின் எமெசா நகரத்துச் சூரியக் கடவுளான கூம்புக் கல், கழுகோடு நான்கு குதிரைத் தேரில் போகிறது. சுற்றி நான்கு குடைகள். தேரும் குடையுமாக அப்படியே நம் ஊர்ச் சாமி புறப்பாடு! ஒரு நாள் அசலைப் பார்த்துவிட வேண்டும்.

உங்களில் யாரிடமாவது கையஸ்-லூசியஸ் காசு இருந்தால், அகப்பை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு விதமாகவும் அடித்திருக்கிறார்கள். கோலின் சுருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி படமும் போட்டால் ரொம்ப நல்லது.