லாரி டீசல் எஞ்சினைப் படகுக்கு மாற்றுதல்: ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

லாரி டீசல் எஞ்சினை விரைவுப் படகில் பொருத்துவதற்கான செய்முறைக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. முதல் பக்கத்திலேயே முட்டி நிற்கிறது. இப்படி மாற்றும் வேலையைக் குறிக்கும் ‘மரைனைசேஷன்’ என்பதற்கு இதுவரை கையில் உள்ளவை: கடலாக்கம், கடல்மயமாக்கல், கலப்பொறியாக்கம், படகாக்கம். எதைப் போட்டாலும் இடிக்கிறது. வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைந்து கொடுக்கிற சொல்லாக வேண்டும். உதிரிப்பாக அட்டவணையின் தலைப்பிலும் அடங்க வேண்டும்.

* * *

> கலப்பொறியாக்கம்

இதை முதலில் அடித்துவிடலாம். கலம் + பொறி என்று நாம் எழுதினாலும், படிப்பவர் ‘கலப்பு’ என்றுதான் பிரிப்பார். பேட்டரியும் டீசலும் சேர்ந்து ஓடும் எஞ்சின் என்று நினைத்துக்கொள்வார். ‘படகாக்கம்’ படகு கட்டுகிற வேலை. ‘கடலாக்கம்’ எஞ்சினைக் கடலில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது.

சொல்லைத் தேடும் முன், அதற்குள் என்னென்ன வேலை அடங்குகிறது என்று பார்த்துவிடுவோம். உப்பிலிருந்து எஞ்சினைக் காப்பதுதான் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதிகூட இல்லை.

லாரியில் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்வது எதிர்க்காற்று. படகின் எஞ்சின் அறையில் அது கிடையாது. ஆகவே ரேடியேட்டர், விசிறி, காற்றில் குளிரும் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றின் சூட்டைக் குறைப்பது) மூன்றும் வெளியே போகின்றன. அவற்றின் இடத்தில் வெப்பப் பரிமாற்றியும், நீரில் குளிரும் இன்டர்கூலரும், எண்ணெய்க் கூலரும் வருகின்றன. படகுக்கு வெளியே இருந்து உறிஞ்சும் நீர் இவற்றின் வழியே ஓடி, கடைசியில் புகையோடு கலந்து வெளியேறுகிறது. 150 கிலோவாட் எஞ்சினின் கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விப்பு நீர்) சுமார் 100 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளுகிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து வரும் நீர் 10 டிகிரி மட்டும் சூடேறலாம் என்றால் நிமிடத்துக்கு 150 லிட்டர் வேண்டும். இன்டர்கூலர், எண்ணெய் வெப்பத்தையும் சேர்த்தால் 200 லிட்டர் பம்ப் பார்ப்பதே நல்லது.

அடுத்து புகைப்பாதை. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டுக்கு நீர் உறை வேண்டும். அதன் பிறகு நீரும் புகையும் கலக்கும் எல்போ, அதிலிருந்து சரிவாக இறங்கும் ரப்பர் ஹோஸ். இந்த எல்போவின் உயரத்தில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. நீர்மட்டத்துக்குப் போதிய உயரத்தில் இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்திய பிறகு நீர் தானாக உறிஞ்சப்பட்டுத் திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது நீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். உயரம் கிடைக்காத படகில் காற்றுத் துளையுள்ள வளைவுக் குழாயைக் கட்டாயம் வைக்க வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றினாலும் இதே கதிதான்: பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. அப்போது வெளியிலிருந்து நீர் வரும் வழியிலுள்ள கடல்வால்வை மூடிவிட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்ததும் உடனே திறக்க வேண்டும்.

கிளட்ச் போய், ஃப்ளைவீலில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் பிளேட் ஏறுகிறது. ஃப்ளைவீலை மூடும் பெல் ஹவுசிங்குக்கும் படகு கியர்பாக்ஸுக்கும் நடுவே அடாப்டர் வளையம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்போது சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) உள்ள எண்ணெய் பின்னே ஓடும் என்பதால், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். எஞ்சின் சாய்வாக உட்கார்ந்தபின் பழைய டிப்ஸ்டிக் கோடு செல்லாது. அளந்து எண்ணெய் ஊற்றி, படகு மிதக்கும்போது புதுக் கோடு போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுமை. லாரி முழு சக்தியைக் கேட்பது மேட்டில், அதுவும் சில நிமிடம். படகில் இறக்கம் என்பதே இல்லை. புரொப்பெல்லர் கேட்கும் சக்தி தோராயமாகச் சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 80 விழுக்காடு சுழற்சியில் பாதி சக்தி போதும், கடைசி 20 விழுக்காடு மீதிப் பாதியை விழுங்கும். முழுச் சுமையோடு முழு த்ராட்டிலில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியைத் தொடவில்லை என்றால் புரொப்பெல்லர் பெரிது. கரும்புகை, ஏறிக்கொண்டே போகும் புகை வெப்பம், பிறகு கருகிய வால்வு, உருகிய பிஸ்டன் என்று வரிசையாக வரும். பிட்ச்சை (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தொலைவை) ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 200 சுழற்சி திரும்பக் கிடைக்கும்.

இதில் உப்புக்காகவே செய்தது எது? செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல் குழாய்களும், தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் ஜிங்க் (துத்தநாக) துண்டும்தான். மற்றதெல்லாம் ஏரிப் படகுக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே சொல்லில் ‘கடல்’ வேண்டாம்.

* * *

> ஆகவே சொல்லில் ‘கடல்’ வேண்டாம்.

சரி. ஆனால் ‘ஆக்கம்’ என்பதையும் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. பிளாக், கிராங்க், பிஸ்டன், இன்ஜெக்‌ஷன் பம்ப் எல்லாம் லாரியில் இருந்தவையேதான், புதிதாக எதையும் ஆக்கவில்லை. தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். பொருள் அதுவே, நிலைதான் வேறு. ‘படகுப்பதம்’ என்று வைத்தால் எப்படி? படகுப்பதமாக்கு, படகுப்பதமாக்கிய எஞ்சின், படகுப்பத உதிரித் தொகுப்பு. ‘நீர்ப்பதம்’ என்றால் ஈரப்பதத்தோடு குழம்பும். ‘கலப்பதம்’ என்றால் பழைய ‘கலப்பு’த் தொல்லை திரும்பி வரும்.

இன்னொன்று. ‘கடல்நீர் பம்ப்’, ‘நன்னீர் பம்ப்’ என்று வரைவில் இருக்கிறது. ஏரியில் ஓடும் படகில் வெளியிலிருந்து வருவதே நன்னீர். எஞ்சினுக்குள் சுற்றுவதோ கிளைகால் (உறைவுத் தடுப்புத் திரவம்) கலந்த கூலன்ட், அதை யாரும் நன்னீர் என்று சொல்லமாட்டார்கள். ‘நன்னீர் பம்பைத் திற’ என்று படிப்பவர் எதைத் திறப்பார்? வெளிநீர், உள்நீர் என்று எழுதுங்கள். எந்த நீரில் மிதந்தாலும் பொருள் மாறாது.

வெளிநீர் பம்பில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். வறண்டு ஓடினால் சீக்கிரமே சிதறும். மாற்றும்போது அதன் இதழ்களை எண்ண வேண்டும். ஆறில் நாலுதான் இருக்கிறது என்றால், மீதி இரண்டும் வெப்பப் பரிமாற்றியின் வாயில் அடைத்துக் கிடக்கின்றன என்று கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் எஞ்சின் மறுபடி சூடேறும், பழி புது இம்பெல்லர் மேல் விழும்.

* * *

> படகுப்பதம்

‘பதம்’ என்றால் சொல் என்றும் பொருள் உண்டே என்று இலக்கணக்காரர்கள் கிளம்புவார்கள். கிளம்பட்டும். பாகுக்கும் இரும்புக்கும் பதம் பார்க்கிறவர்கள் குழம்புவதில்லை. கப்பலை விட்டுவிட்டோமே என்றால், பெருங்கப்பல் எஞ்சின் கப்பலுக்கென்றே வார்க்கப்படுகிறது, அதைப் பதமாக்க வேண்டிய வேலையே இல்லை. பட்டறையில் ‘மரைன் கிட்’ என்றுதான் கேட்பார்கள், அது தொடரட்டும். கையேட்டில் முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதினால் போதும்.

சொல்லைச் சோதிக்க எதிர்மறையில் போட்டுப் பார்த்தேன்: ‘படகுப்பதமாக்காத டர்போவை மூடிய அறையில் ஓட்டாதே, டர்பைன் கூட்டுக்கு நீர் உறையோ வெப்பப் போர்வையோ வேண்டும்.’ நிற்கிறது.

வரைவில் ‘பலி நேர்மின்வாய்’ என்று ஒன்று இருக்கிறது. பாடநூலில் சரி, கையில் ஸ்பேனர் உள்ளவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். ‘துத்தநாகத் துண்டு’ என்றும் எழுத முடியாது. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் தோல் படிந்து வேலை நின்றுவிடும், அங்கே மெக்னீசியம் போட வேண்டும். பொருளின் பெயரை விட்டுச் செய்கிற வேலையின் பெயரை வைப்போம்: காவுத்துண்டு. தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பது. பாதி கரைந்ததும் மாற்று, பெயின்ட் அடிக்காதே, மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதே. உலோகத்தோடு உலோகம் தொடாவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், வெப்பப் பரிமாற்றிதான் அரித்துப்போகும்.

* * *

படகுப்பதம், வெளிநீர், உள்நீர், காவுத்துண்டு நான்கையும் அட்டவணையில் ஏற்றிவிட்டேன். ‘கலவை முழங்கை’ என்று எழுதியிருந்ததை ‘நீர்ப்பீச்சு எல்போ’ என்று மாற்றியிருக்கிறேன். குழாய் வேலை செய்பவர்கள் எல்போ என்றுதான் சொல்கிறார்கள். டேம்பர் பிளேட்டுக்கு ‘அதிர்வுத்தணிப்புத் தட்டு’ எழுதிப் பார்த்தேன், அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அதுவரை டேம்பர் பிளேட்டாகவே இருக்கட்டும்.